தார் பாலைவனத்தில் ஒன்பது குளிர்கால நாட்கள்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை ஒன்பது நாள் விடுமுறை. கணவன், மனைவி, பத்து வயது மகள், மூட்டுவலியும் லேசான ஆஸ்துமாவும் உள்ள தந்தை என்று நான்கு பேர். ஜெய்ப்பூரில் வாடகைக் கார் எடுத்துப் புஷ்கர், உதய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர் என்று சுற்றி மீண்டும் ஜெய்ப்பூர் வந்து சேர நினைக்கிறீர்கள். பாலைவனத்தின் இயற்கையையும் வரலாற்றையும் பார்க்க வேண்டும், எதுவும் விட்டுப்போகக் கூடாது என்கிறீர்கள். இடங்களின் பெயர்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் எதை விட்டால் மற்றவற்றை நின்று பார்க்க முடியும் என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நான் புவியியல் கற்பித்தவன். குளிர்காலங்களில் மாணவர்களையும் பறவை ஆர்வலர்களையும் மேற்கு ராஜஸ்தானுக்கு அழைத்துச் செல்வது பல ஆண்டுகளாக என் வழக்கம். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் உதய்ப்பூர், புஷ்கர், ஜெய்ப்பூர் மூன்றையும் இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அவை அழகான ஊர்கள்தான். ஆனால் ஆரவல்லி மலைத்தொடரை ஒட்டியும் அதற்குக் கிழக்கேயும் இருப்பவை; உதய்ப்பூர் ஏரிகளின் ஊர். நீங்கள் கேட்பது பாலைவனம். உங்கள் வட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் 1,600 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அதற்குப் பதில் ஜோத்பூரில் தொடங்கி நாகௌர் வழியாகப் பிகானேர், அங்கிருந்து பலோதி, பின் ஜெய்சல்மேர், திரும்ப ஜோத்பூர் என்று போனால் சாலைத் தூரம் ஏறக்குறைய 870 கிலோமீட்டர். பக்கத்து ஊர்களுக்குப் போய்வருவதைச் சேர்த்தாலும் 1,200-ஐ ஒட்டியே முடியும். ஜோத்பூருக்கு விமானம் உண்டு. ரயிலில் வர நேரமிருந்தால் மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்துக்கும், மதுரையிலிருந்து பிகானேருக்கும் வாராந்திர ரயில்கள் ஓடுகின்றன. பிகானேர் ரயிலில் வந்தால் வட்டத்தை அங்கேயே தொடங்கி அங்கேயே முடிக்கலாம்.

தூரத்தைவிட முக்கியமானது பகலின் நீளம். டிசம்பர் கடைசியில் ஜெய்சல்மேரில் சூரியன் காலை ஏழரை மணி அளவில்தான் எழுகிறது, மாலை ஆறுக்கு மறைகிறது. பத்தரை மணி நேர வெளிச்சம். அதில் விலங்குகளும் பறவைகளும் நன்றாகத் தெரிவது முதல் மூன்று மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும். நடுப்பகல் கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் உரியது. எந்த ஊரில் எந்தக் காலைப்பொழுது கையில் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரவு எங்கே தங்குவது என்பது தானாகவே அதைத் தொடர்ந்து வரும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விடுதியை முதலில் பதிவு செய்துவிட்டு, காலைப்பொழுதை நெடுஞ்சாலையில் செலவழிக்கிறார்கள்.

இரவில் ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. சாலைகள் நன்றாக இருக்கின்றன. ஆபத்து அதனால்தான் கூடுகிறது. நேரான, வெறிச்சோடிய சாலையில் வேகம் தெரியாமல் ஏறும். பின்விளக்கு இல்லாத டிராக்டர், சாலையின் வெதுவெதுப்புக்காகப் படுத்திருக்கும் மாடு, குறுக்கே பாயும் நீல்காய் என்ற பெரிய மான், நெட்டைக்கால் ஒட்டகம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும்போது நிறுத்த இடம் இருக்காது. ஒட்டகத்தின் உடல் காரின் முன்கண்ணாடி உயரத்தில் இருப்பதால் மோதினால் விளைவு மிகக் கொடியது. பிகானேர், சூரு, கங்காநகர் பக்கம் டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து காலை மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். சில நாட்களில் பத்து மணி வரை விலகாது. ஆகையால் நீண்ட ஓட்டம் எல்லாம் காலை பத்துக்கும் மாலை நாலரைக்கும் இடையே முடியட்டும். மேற்கு நோக்கி, அதாவது பலோதியிலிருந்து ஜெய்சல்மேருக்குப் போகும்போது, மாலை வெயில் நேராகக் கண்ணில் விழும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எரிபொருள் பாதியானதும் நிரப்பிவிடுவது நல்லது. வாடகைக் காரை மணலில் இறக்காதீர்கள். சாலையோரத்தில் கெட்டியாகத் தெரியும் மண்கூட ஒரு சக்கரத்தை விழுங்கப் போதும்.

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தார் முழுவதும் மணல்மேடு என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கு முதல் இரண்டு நாள் ஏமாற்றமாக இருக்கும். நீங்கள் காணப்போவது பெரும்பாலும் புதர்க்காடு, புல்வெளி, சரளைக்கல் தரை, பாறைத் தளம், நடுவே வயல்கள், கிராமங்கள். உலகப் பாலைவனங்களில் மக்கள் நெருக்கம் மிகுந்தது இதுதான். ஜெய்சல்மேரில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு; அதுவும் சில நாட்களில் கொட்டி முடிந்துவிடும். அந்தச் சில நாட்களின் நீரைப் பிடித்து வைக்கத் தெரிந்ததால்தான் இங்கே மக்கள் வாழ்ந்தார்கள், கோட்டை கட்டினார்கள், வணிகம் செய்தார்கள். பறவைகள் வந்து இறங்கும் இடங்களையும் பல சமயம் அந்த நீர்தான் தீர்மானிக்கிறது. இயற்கைக்குச் சில நாள், வரலாற்றுக்குச் சில நாள் என்று நீங்கள் பிரித்திருக்கிறீர்கள். இந்த நிலத்தில் அப்படிப் பிரிக்க முடியாது. எங்கே நின்றாலும், இந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி இரண்டையும் சேர்த்துத் திறந்துவிடும்.

ஜோத்பூரில் முதல் மாலையை ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவுக்குக் கொடுங்கள். மெஹ்ரான்கட் கோட்டையின் காலடியில் இருக்கிறது. பலர் எட்டிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். கோட்டை நிற்கும் பாறை ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைக் குழம்பு உறைந்து உருவானது. அந்தப் பாறைச் சரிவு முழுவதும் நம் ஊரிலும் பாடாய்ப் படுத்தும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. 2006-இல் அதை அகற்றத் தொடங்கினார்கள். மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் என்பதால், கல்லுடைக்கும் தொழிலாளர்களைக் கொண்டு பாறையைக் குடைந்து வேரோடு எடுத்தார்கள். பின்பு கள்ளி, எருக்கு, புற்கள் என்று அந்த மண்ணுக்கே உரிய செடிகளை நட்டார்கள். ஒரு மணி நேரம் அங்கே நடந்தால் அடுத்த எட்டு நாளும் சாலையோரத்தில் பார்க்கப்போகும் செடிகள் பழகிவிடும். மறுநாள் கோட்டை. 1459-இல் ராவ் ஜோதா தொடங்கியது. மேலே செல்ல லிஃப்ட் இருப்பதால் உங்கள் தந்தைக்கும் சிரமமில்லை.

ஜோத்பூரிலிருந்து பிகானேர் 250 கிலோமீட்டர். நாகௌர் கோட்டையில் மதியத்தைக் கழித்து, தேஷ்னோக்கில் எலிகள் சுதந்திரமாகத் திரியும் கர்ணி மாதா கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம். மகளுக்கு எலி என்றால் அச்சம் என்றால் விட்டுவிடுங்கள், இழப்பு பெரிதல்ல. பிகானேரில் ஒரு முழு நாள் தேவை. ஜூனாகட் கோட்டை அக்பரின் தளபதிகளில் ஒருவரான ராஜா ராய்சிங் 1589 முதல் 1594 வரை கட்டியது. ராஜஸ்தானின் பெரிய கோட்டைகளில் பலவற்றைப் போல் மலைமேல் இல்லாமல் சமவெளியில் நிற்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்கு இது ஆறுதல்.

அந்த நாளின் காலையை ஜோர்பீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிகானேர் சுற்றுவட்டத்தில் இறக்கும் மாடுகளையும் ஒட்டகங்களையும் கொண்டுவந்து போடும் இடம் அது. துர்நாற்றம் உண்டு, எலும்புகள் உண்டு, கூட்டமாக நாய்கள் உண்டு. மகளுக்கு முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள், காரை விட்டு வெகுதூரம் நடக்காதீர்கள். தந்தை விடுதியிலேயே இருக்கட்டும். ஆனால் குளிர்காலத்தில் நடு ஆசியாவிலிருந்து வரும் ஸ்டெப்பி கழுகுகளும் பல இனப் பாறு கழுகுகளும் நூற்றுக்கணக்கில் மரங்களிலும் தரையிலும் அமர்ந்திருக்கும் காட்சி இந்தியாவில் வெகுசில இடங்களிலேயே உண்டு. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, அந்தச் சடலங்களைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. இன்று அங்கே அமர்ந்திருப்பவற்றில் பெரும்பகுதி குளிர்கால விருந்தாளிகள். உள்ளூர் இனங்கள் அந்த அடியிலிருந்து இன்னும் மீளவில்லை. பக்கத்திலேயே தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பிற்பகலில் மகள் அங்கே மகிழ்ந்திருப்பாள்.

இரண்டு இடங்களை மனமில்லாமல்தான் விடச் சொல்கிறேன். ஒன்று, பிகானேருக்குக் கிழக்கே சூரு மாவட்டத்தில் இருக்கும் தால் சாப்பர். ஏழு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள தட்டையான புல்வெளி. அதில் வெளிமான்கள் ஆயிரக்கணக்கில் மேயும். மாலையில் பூனைப்பருந்துகள் புல்லுக்குள் இறங்கி அடையும். உங்களுக்குக் கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் முதலில் சேர்க்க வேண்டியது இதுவே. இன்னொன்று காலிபங்கன். காக்கர் ஆற்றின் வறண்ட கரையில் இருக்கும் ஹரப்பா நாகரிக ஊர். இத்தாலிய அறிஞர் டெஸ்ஸிடோரி முதலில் கவனித்த இந்த மேட்டை 1960-களில் பி. பி. லால், பி. கே. தாப்பர் ஆகியோர் அகழ்ந்தார்கள். ஏர் உழுத சால் தடங்களோடு கூடிய மிகப் பழைய வயல் ஒன்று அங்கே வெளிப்பட்டது. ஆனால் அந்த வயலை மண்ணிட்டு மூடிப் பாதுகாத்துவிட்டார்கள், போனால் பார்க்கக் கிடைப்பது அருங்காட்சியகம்தான். மூடுபனி மிகுந்த வட திசையில் பிகானேரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் போய், அதே தூரம் திரும்பி வருவது குழந்தையோடும் முதியவரோடும் டிசம்பரில் நியாயமில்லை.

அடுத்தது இந்தப் பயணத்தில் நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்காத காலை. பிகானேரிலிருந்து பலோதி சுமார் 165 கிலோமீட்டர். வழியில் கோலாயத் குளத்தையும் கஜ்னேர் ஏரியையும் பார்க்கலாம். இரவு பலோதியில் தங்குங்கள். ஜெய்சல்மேரிலிருந்து பகலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பலோதியை ஒட்டிய கீச்சன் என்ற கிராமத்துக்கு, குர்ஜா என்று அங்கே சொல்லப்படும் டெமாய்செல் கொக்குகள் மங்கோலியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வருகின்றன. செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரை இருக்கும். சாம்பல் உடல், கரிய கழுத்து, கண்ணுக்குப் பின்னால் வெண்ணிறக் குஞ்சம். ஊர் மக்கள், குறிப்பாகச் சமணக் குடும்பங்கள், வேலியிட்ட ஒரு வெளியில் தானியம் இறைத்து வைக்கிறார்கள். பொழுது விடிந்ததும் கொக்குகள் அலை அலையாக வந்து ஊர்மேல் வட்டமிட்டு அங்கே இறங்கும். ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒன்றாக எழுப்பும் அந்த ஒலி வயிற்றுக்குள் கேட்கும். முற்பகலில் தானியம் தீர்ந்ததும் ஊர்க் குளங்களுக்குப் போய்த் தண்ணீர் குடித்து ஓய்வெடுக்கும். 2025-இல் கீச்சன் ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள நீர்நிலையாக, அறிவிக்கப்பட்டது. காட்டுப் பறவைக்கு இப்படி உணவிடுவது சரியா என்ற கேள்வி நியாயமானது. ஓரிடத்தில் திரள்வதால் நோய் பரவும் அபாயம் கூடும். சுற்றியுள்ள மின்கம்பிகளில் மோதி இறப்பதும் நடக்கிறது. இருந்தும், வேட்டைக்கும் பூச்சிமருந்துக்கும் பஞ்சமில்லாத நாட்டில் ஒரு கிராமம் முழுவதும் ஒரு பறவைக்குக் காவலாக நிற்பதன் பயனே பெரிது என்பது என் கருத்து. வேலிக்குள் நுழையாதீர்கள், ட்ரோன் வேண்டாம், கொக்குகளை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள்.

பலோதிக்கு வடமேற்கே பத்லா என்னுமிடத்தில் 2,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட சூரிய மின்பூங்கா இருக்கிறது. 2016 மே மாதம் 51 டிகிரி செல்சியஸ் பதிவான வட்டாரம் இது, ஆகவே தேர்வில் வியப்பில்லை. ஆனால் அங்கிருந்து மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பிகளே இனி நான் சொல்லப்போகும் பறவைக்கு எமனாக இருக்கின்றன. கானமயில் என்று தமிழில் நாம் சொல்லும் அந்தப் பறவை ராஜஸ்தானில் கோடாவண். ஆண் பறவை 15 கிலோ வரை எடையுள்ளது. கண்கள் தலையின் இரு பக்கத்தில் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறுகியது. தொலைவில் கம்பியைக் காணாது, கண்ட பிறகு இவ்வளவு கனத்த உடலைத் திருப்பவும் முடியாது. காட்டில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்றே பொதுவாக மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பெரும்பகுதி ஜெய்சல்மேர் மாவட்டத்தில். மின்கம்பிகளைத் தரைக்குள் புதைக்க 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அதை மாற்றி நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. காட்டிலிருந்து எடுத்த முட்டைகளைப் பொரிக்கவைத்து வளர்க்கும் மையம் 2019 முதல் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் சம் என்ற ஊரில் இயங்குகிறது. அதன் வெற்றி எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆனால் குஞ்சுகளைத் திரும்ப விட மின்கம்பி இல்லாத புல்வெளி வேண்டும் என்ற கவலை அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஜெய்சல்மேரில் மூன்று இரவு தங்குங்கள். இரண்டு முழுக் காலைகள் கிடைக்கும், இரண்டும் வேண்டும். ஒன்று பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு. 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பு. உள்ளே கிராமங்களும் வயல்களும் இருக்கின்றன. வனத்துறையின் அனுமதியோடு சுதாசரிப் பகுதிக்கு, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் விடியும்போதே போய்ச் சேர வேண்டும். சிங்காரா மான், பாலை நரி, கல்கௌதாரிகள், பலவகைக் கழுகுகள் ஆகியவற்றை ஒரு காலையில் காண்பது ஏறக்குறைய நிச்சயம். கானமயில் நிச்சயமில்லை. காட்டித் தருகிறேன் என்று உறுதி கொடுக்கும் வழிகாட்டியைத் தவிர்த்துவிடுங்கள். அப்படிப்பட்டவர் பறவையின் பின்னால் வண்டியை ஓட்டுவார். மகள் பாம்பு, முள்வால் ஓணான் பார்க்க ஆசைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அவை குளிர்காலத்தில் வளைக்குள் முடங்கிக் கிடக்கும். மார்ச்சுக்கு முன் காண்பது அரிது. சுருட்டை விரியனைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கும் இதே பதில்.

இன்னொரு காலை கோட்டைக்கு. கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்களில் மற்ற பார்வையாளர்களுக்கான நேரம் நண்பகலோடு முடிவது வழக்கம் என்பதால் மாலைக்குத் தள்ளிப்போட முடியாது. 1156-இல் ராவல் ஜைசல் லோதுர்வாவிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினார். சிந்துவுக்கும் அதற்கு அப்பாலும் சென்ற ஒட்டக வணிகத்தின் வரியில் ஊர் செழித்தது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் அந்த வணிகம் மெலிந்தது, 1947-இல் எல்லை விழுந்ததும் அற்றுப்போனது. கோயில் வளாகத்தில் இருக்கும் சமணச் சுவடி நிலையத்தை உங்கள் தந்தைக்குக் கட்டாயம் காட்டுங்கள். 11-ஆம் நூற்றாண்டு ஓலைச்சுவடிகள் அங்கே இருக்கின்றன. நம் ஈரக்காற்றிலும் செல்லரிப்பிலும் ஓர் ஓலைச்சுவடி சில நூற்றாண்டு தாண்டுவதே கடினம். ஆகவேதான் நாம் திரும்பத் திரும்பப் படியெடுத்தோம். இங்கே வறட்சியே காவலாக இருந்திருக்கிறது.

கோட்டைக்குள் விடுதி எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்றும் மக்கள் குடியிருக்கும் கோட்டை அது. 2013-இல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. குடத்தில் தண்ணீர் சுமந்து ஏறிய காலத்தில் அடித்தளம் உலர்ந்திருந்தது. குழாய் நீர் வந்த பிறகு கழிவுநீர் கசிந்து, அடியிலுள்ள களிமண்ணும் மென்பாறையும் ஊறி, கொத்தளங்கள் சரிந்திருக்கின்றன. உள்ளே குடியிருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, அது அவர்கள் வீடு. பயணியின் குளியல் தண்ணீரையாவது கோட்டைக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். கீழே நல்ல விடுதிகள் இருக்கின்றன, ஜன்னலிலிருந்து கோட்டை முழுவதும் தெரியும். மேலே சதுக்கம் வரை ஆட்டோ போகும் என்பதால் தந்தைக்கு ஏற்றம் பெரிய தடையாக இராது.

பிற்பகல்களில் செய்ய வேண்டியது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற அந்தக் கேள்விக்கு விடை தேடுவது. ஊரின் பழைய நீர்நிலையான கடிசர் ஏரியில் தொடங்கி, குல்தராவுக்கும் காபாவுக்கும் போங்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்ட பாலிவால் பிராமணர் ஊர்கள் இவை. ஓர் அமைச்சரின் கொடுமைக்கு அஞ்சி எண்பத்து நான்கு ஊர் மக்களும் ஒரே இரவில் சாபமிட்டு வெளியேறினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், பேய்க்கதையும் சேரும். சாலிம் சிங் என்ற அமைச்சர் உண்மையில் இருந்தவர், கடும் வரியும் உண்மை. ஒரே இரவு என்பதற்குச் சான்று இல்லை. நிலத்தடி நீர் வற்றியதால் மக்கள் சிறிது சிறிதாகக் குறைந்தார்கள் என்பது ஒரு கருத்து, நிலநடுக்கம் காரணமாக இருக்கலாம் என்று 2017-இல் வந்த ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. நான் நீரின் பக்கம் சாய்கிறேன், ஆனால் வழக்கு முடிந்துவிடவில்லை.

இடிந்த வீடுகளைவிட அந்த மக்கள் விட்டுச்சென்ற கடீன்களைத் தேடிப் பாருங்கள். பாறைச் சரிவின் அடியில் நீளமான மண்கரை எழுப்பி, மழைநீரைத் தாழ்ந்த நிலத்தில் தேக்குவார்கள். நீர் மண்ணுக்குள் இறங்கி, மேலே வற்றியதும் அந்த ஈரத்தை நம்பிக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதன்பின் ஒரு சொட்டு மழையும் வேண்டாம். ஏரிப் பாசனம் தெரிந்த நமக்கு இதிலுள்ள வேறுபாடு உடனே புரியும். இங்கே ஏரியே வயலாகிறது. சென்ற பருவத்தில் மழை பெய்திருந்தால் டிசம்பர் கடைசியில் சுற்றிலும் வெளிறிய தரைக்கு நடுவே பச்சைப் பட்டையாக அது தெரியும். பறவைகளும் அங்கேதான் கூடும். இதேபோல் பேரி என்ற சிறு கிணறுகள் உண்டு. ஆழத்து நீர் உப்பு. ஆனால் மணலுக்குக் கீழே ஜிப்சம் அல்லது களிமண் படுகை இருக்குமிடத்தில் மழைநீர் உப்புநீரோடு கலக்காமல் மேலேயே தங்கும். அந்தப் படுகையைத் துளைக்காமல் தோண்டி ஊறும் நன்னீரை மட்டும் எடுத்தார்கள். இன்று இந்திரா காந்தி கால்வாயின் நீர் இம்மாவட்டம் வரை வருகிறது. குடிநீர் தந்தது, சில இடங்களில் நீர் தேங்கி நிலத்தை உப்பாக்கியது, கானமயிலின் புல்வெளியை வயலாக்கியது.

மகளுக்காக ஆகல் கல்மரப் பூங்காவுக்கு ஒரு மணி நேரம். ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டர். ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காட்டு மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஜெய்சல்மேர்ப் பக்கம் கிடைத்த எலும்புகளைக் கொண்டு தாரோசாரஸ் என்ற நீண்ட கழுத்து டைனோசர் 2023-இல் அறிவிக்கப்பட்டது. அதையும் அங்கே நின்று சொல்லுங்கள்.

சம் மணல்மேட்டுக் கூடாரங்களில் புத்தாண்டு இரவைக் கழிக்க முன்பணம் கட்டலாமா என்று கேட்டீர்கள். நான் கட்ட மாட்டேன். அந்த வாரத்தில் அங்கே ஒலிபெருக்கியும் ஜீப்புகளும் தவிர வேறெதுவும் கேட்காது. இரவு வெப்பநிலை 7, 8 டிகிரிக்கு இறங்கும், திறந்த வெளியில் இன்னும் குளிரும். ஆஸ்துமாக்காரருக்குக் கூடாரமும் விறகுப் புகையும் மணல்தூசியும் சேர்வது நல்லதல்ல. பயணமே அவருக்கு ஏற்றதா, இன்ஹேலர் அளவு என்ன என்பதையெல்லாம் அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. மணல்மேடு பார்க்க ஒரு மாலை குரி என்ற கிராமத்துக்குப் போய் இருட்டும் முன் திரும்புங்கள். அங்கே கூட்டம் குறைவு. தனோட் கோயிலுக்கும் லோங்கேவாலா போர் நினைவிடத்துக்கும் போக ஒரு முழு நாள் ஆகும்; 1971 போரில் உங்கள் தந்தைக்கு ஆர்வம் இருந்தால் மட்டும் ஒரு நாளை மாற்றிக்கொள்ளுங்கள். எல்லையை ஒட்டிய அனுமதி விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, புறப்படும் முன் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். ராணுவ வண்டிகளைப் படம் எடுக்காதீர்கள்.

திரும்பும் நாள் ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூர் 285 கிலோமீட்டர். அன்று வேறு எதையும் வைக்காதீர்கள். கடைசிக் காலையில் ரயிலுக்கோ விமானத்துக்கோ முன் ஜோத்பூருக்குத் தென்கிழக்கே 26 கிலோமீட்டரில் இருக்கும் கேஜர்லிக்குப் போய்வாருங்கள். 1730-இல் அரண்மனைக்கான சுண்ணாம்புச் சூளைக்கு மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, அமிர்தா தேவி என்ற பிஷ்னோய்ச் சமூகப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் கொடுத்தார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் இறந்தார்கள் என்பது அச்சமூகத்தின் மரபு. அவர்கள் காத்த மரம் கேஜ்ரி, நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. அதன் இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி, காய் சாங்ரி என்ற பெயரில் அவ்வூர்க் கறி, நிழலில் கம்பு விளையும். முந்தைய எட்டு நாளும் வயல்களின் நடுவே அதை வெட்டாமல் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

தேதியைப் பற்றி ஒன்று. மகளின் பள்ளி அனுமதித்தால் இதே வட்டத்தைப் பொங்கல் விடுமுறைக்கு மாற்றிப் பாருங்கள். ஜெய்சல்மேரில் டிசம்பர் 25 முதல் ஜனவரி 2 வரை அறை வாடகை பலமடங்கு ஏறும். கோட்டைத் தெருக்களில் நகர இடமிருக்காது. ஜனவரி நடுவில் குளிர் கொஞ்சம் கூடுதல், வடக்கே மூடுபனியும் அப்படியே இருக்கும், ஆனால் கூட்டம் கலைந்திருக்கும், கொக்குகளும் கழுகுகளும் இருக்கும். தேதி மாறாது என்றால் ஜெய்சல்மேரிலும் பலோதியிலும் அறைகளை இந்த வாரமே பதிவு செய்யுங்கள். பலோதியில் நல்ல அறைகள் குறைவு, அவை முதலில் தீர்ந்துவிடும்.